ஒரு சொட்டு எண்ணெயின் திமிர்

ருடால்ஃப் டீசலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் காற்றைப் பற்றியே எழுதுகிறார்கள். காற்றை அமுக்கினால் சூடாகும், இன்னும் அமுக்கினால் தீக்குச்சியே இல்லாமல் எண்ணெய் பற்றிக்கொள்ளும், அதைக் கண்டுபிடித்த மகாமேதை, இத்யாதி. காற்றை அமுக்குவதில் என்ன பெரிய மேதாவிலாசம்? மலாய்த் தீவுகளில் ஒரு மூங்கில் குழாயையும் அதற்குள் பொருந்தும் ஒரு தண்டையும் வைத்துக்கொண்டு, ஒரே குத்தில் காற்றை அமுக்கிப் பஞ்சைப் பற்ற வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் காப்புரிமை அலுவலகம் திறக்கும் முன்பே அங்கே அந்த நெருப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டீசலின் தூக்கத்தைக் கெடுத்தது காற்று அல்ல. அமுக்கி வைத்த அந்தக் காற்றுக்குள் ஒரே ஒரு சொட்டு எண்ணெயை அனுப்புகிற வேலை. அந்தச் சொட்டு அவரைப் படுத்தியது, அவருக்குப் பின்னால் வந்தவர்களையும் நூறு வருஷம் படுத்தியது. இது அந்தச் சொட்டின் கதை.

முதலில் நம் கதாநாயகனின் ஜாதகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1858இல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் பவேரியாக்காரர்கள். 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை வந்ததும், ஜெர்மானியர்கள் மூட்டையைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கிருந்து பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். பிறகு மியூனிக் பாலிடெக்னிக். அங்கே வாய்த்த பேராசிரியர் கார்ல் ஃபொன் லிண்டே, குளிர்பதன இயந்திரங்களின் பிதாமகர். படிப்பு முடிந்ததும் சீடனைப் பாரிஸுக்கே அனுப்பி, ஐஸ் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆக, சூட்டை நம்பி எஞ்சின் கட்டப்போகிற மனிதர் இளமை முழுவதும் ஐஸ் வியாபாரத்தில் இருந்தார். நடுவில் அம்மோனியா ஆவியில் ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்துபார்த்தார். அது வெடித்து, அவரை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. சாதாரண ஆளாக இருந்தால் அத்தோடு ஐஸே போதும் என்று இருந்திருப்பார்.

டீசலோ 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த வருஷம் 67207 என்ற எண்ணில் அது கிடைத்தது. கையோடு ஒரு புத்தகமும் போட்டார். நீராவி எஞ்சினையும் இன்று வழக்கத்தில் உள்ள மற்ற எஞ்சின்களையும் ஒழித்துவிட்டு அவற்றின் இடத்தில் வைக்கத்தக்க பகுத்தறிவுள்ள வெப்ப எஞ்சின் என்பது அதன் தலைப்பின் சாரம். அந்த எஞ்சின் அப்போது எங்கே இருந்தது? காகிதத்தில். ஒரு ஆணி கூட அடித்தாகவில்லை. காகிதத்தில் அவர் காற்றை 250 அட்மாஸ்பியர் வரைக்கும் அமுக்கினார். எரிபொருளாகக் கரித்தூளும் போடலாம் என்றார். காகிதம் எதையும் தாங்கும். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் கம்பெனியும் பணம் போட ஒப்புக்கொண்டபோதுதான் இரும்பு தாங்குமா என்ற கேள்வி வந்தது. அழுத்தக் கணக்கைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினார்கள். கரித்தூள் கனவாகவே நின்றது.

1893 ஆகஸ்ட் 10. ஆக்ஸ்பர்க். தொழிற்சாலையின் பெல்ட்டை மாட்டி எஞ்சினைச் சுற்ற வைத்தார்கள். காற்று அமுங்கியது. உள்ளே கொஞ்சம் பெட்ரோலை அனுப்பினார்கள். டமார்! அழுத்தத்தை அளக்க மேலே பொருத்தியிருந்த இண்டிகேட்டர் உடைந்து, துண்டுகள் தலைகளுக்கு மேலே பறந்தன. உள்ளே சுமார் 80 பார் அழுத்தம் எகிறியிருக்கிறது. இரண்டு அங்குலம் தாழ்ந்து பறந்திருந்தால் இன்றைக்கு லாரிகள் எதில் ஓடிக்கொண்டிருக்குமோ. டீசலுக்கு ஏக சந்தோஷம். தீ இல்லாமலே பற்றிக்கொண்டது, கொள்கை நிரூபணம்! வெடிப்பதற்கும் ஓடுவதற்கும் நடுவில் இருக்கிற தூரம் அவருக்கு அப்போது தெரியவில்லை.

அந்தத் தூரம் என்ன என்று தெரிய, அலுவலக நேரத்து டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் காற்று 30, 35 பார் அழுத்தத்தில் நிற்கிறது. படிக்கட்டு வரை ஆட்கள். அதில் நம் சொட்டு ஏற வேண்டும். ஏறினால் மட்டும் போதாது. கதவருகே குமியாமல், கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து, பின் சீட்டு வரை பரவ வேண்டும். அதற்கு இருக்கும் அவகாசம் ஒரு இமைப்பொழுதில் மிகச் சிறிய பங்கு. ஒரே கட்டியாக விழுந்தால் வெளிப்பக்கம் மட்டும் தீய்ந்து, மீதி கரும்புகையாகப் போகும். கொஞ்சம் முந்தினால் வெடிக்கும். பிந்தினால் சூடு வீண். இத்தனையும் செய்யக்கூடிய பம்ப் 1893இல் கிடையாது. டீசலும் ஆட்களும் பம்ப்பால் நேராகத் தள்ளிப் பார்த்தார்கள். சொட்டு மசியவில்லை.

கடைசியில் டீசல் கண்டுபிடித்த வழி, அடியாள் வைப்பது. இன்னொரு கம்ப்ரெஸரை வைத்து, உள்ளே இருப்பதைவிட அதிக அழுத்தத்தில், 60 பார் அளவுக்குத் தனியாகக் காற்றை அடைத்துக்கொண்டார். வால்வு திறந்ததும் அந்தக் காற்று எண்ணெயைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளும். தள்ளுகிற வேகத்தில் எண்ணெய் தூளாகவும் உடையும். காற்றுக்குள் எண்ணெயை அனுப்ப இன்னும் கொஞ்சம் காற்று! காற்றுப் பீச்சல் என்று இதற்குப் பெயர். 1894 பிப்ரவரி 17 அன்று எஞ்சின் முதல்முறையாகச் சொந்தக் காலில் ஓடியது. நிமிஷத்துக்கு 88 சுற்று என்ற கணக்கில், ஏறக்குறைய ஒரே ஒரு நிமிஷம். அதுவரை எஞ்சினை இழுத்துக்கொண்டிருந்த பெல்ட்டை இப்போது எஞ்சின் இழுப்பதை முதலில் கவனித்தது மேதை அல்ல, பக்கத்தில் நின்ற ஃபிட்டர். அவர் பேசாமல் தொப்பியைக் கழற்றினார் என்று சொல்வார்கள். இந்தக் கதை முழுக்க, நடப்பதை முதலில் புரிந்துகொள்கிறவர் ஃபிட்டர்தான்.

சரியாக மூன்று வருஷம் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அளந்து பார்த்துவிட்டு, எரிபொருளின் சக்தியில் 26.2 சதவீதம் வேலையாக மாறுகிறது என்று கையெழுத்துப் போட்டார். சாதாரண நீராவி எஞ்சின்கள் 10 சதவீதத்தைச் சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. உடனே வரிசை கட்டினார்கள். அமெரிக்க உரிமையை அடோல்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். அவர் பீர் காய்ச்சுகிறவர். ஜெர்மனியில் முதலில் எஞ்சினை வாங்கி வேலைக்கு வைத்த இடம் இன்னும் விசேஷம்: கெம்ப்டன் ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. தீக்குச்சியே வேண்டாம் என்கிற எஞ்சினைத் தீக்குச்சி செய்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கி, அதை வைத்தே தீக்குச்சி செய்தார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. பக்கத்தில் நின்றவர்களுக்குப் பசித்திருக்கும்.

இத்தனை புகழுக்கும் நடுவில் அந்தக் கம்ப்ரெஸர் ஒரு மூலையில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருந்தது. எஞ்சின் சம்பாதிக்கும் சக்தியில் கணிசமான பங்கை அதுவே விழுங்கும். படிப்படியாக அமுக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். அதன் வால்வுகள் எஞ்சினைவிட அடிக்கடி மக்கர் செய்யும். வாங்கியவர்களில் பலர் எஞ்சினைத் திருப்பி அனுப்பினார்கள். டீசலுக்கு நரம்புத் தளர்ச்சி வந்து, 1898இல் சானடோரியத்தில் போய்ப் படுத்தார். ஆனால் கப்பலுக்கு இது பொருந்தியது. கப்பலில் இடத்துக்கு என்ன பஞ்சம். 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் கிளம்பியபோது, கரையில் நின்றவர்கள் புகைபோக்கியைத் தேடினார்கள். இல்லை. கப்பலில் அசத்தியது. லாரியில்? லாரியில் ஏற்றினால் எஞ்சினும் கம்ப்ரெஸரும் உட்கார்ந்த பிறகு டிரைவர் நடந்துதான் வர வேண்டும்.

இங்கே இங்கிலாந்துக்காரர்கள் தொண்டையைச் செருமுவார்கள். அவர்கள் பக்கத்து வீரர் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட். டீசலுக்கு முன்னாலேயே, 1890இல், காப்புரிமை வாங்கிவிட்டார். கிராந்தமில் இருந்த ஹார்ன்ஸ்பி கம்பெனி அவருடைய எஞ்சினைச் செய்து விற்றது. அவர் எண்ணெயை உள்ளே அனுப்பக் காற்றை அடியாளாக வைக்கவில்லை. ஒரு சின்ன பம்ப், நேரே தள்ளல், முடிந்தது. ஆனால் அவர் காற்றை அதிகம் அமுக்கவும் இல்லை. அமுக்கிய சூடு பற்றாது என்பதால், சிலிண்டரோடு ஒட்டி ஒரு இரும்புக் குமிழை வைத்து, அதன் அடியில் விளக்கை ஏற்றிப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். காலையில் எஞ்சினைக் கிளப்ப வேண்டுமானால் முதலில் அதற்கு அடுப்பு மூட்ட வேண்டும். பிறகு அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் 1927இல் அங்கேயே காலமானார். எஞ்சினுக்கு எங்கள் ஆள் பெயரை அல்லவா வைத்திருக்க வேண்டும் என்ற முணுமுணுப்பு மட்டும் இன்னும் காலமாகவில்லை. நியாயமாகப் பார்த்தால், இன்றைக்கு நாம் டீசல் எஞ்சின் என்று கூப்பிடுவதில் அமுக்குகிற பாதி டீசலுடையது, காற்றின் தயவில்லாமல் எண்ணெயைத் தள்ளுகிற பாதி அக்ராய்டின் வழி. காப்புரிமை அலுவலகத்தில் கல்யாணம் பண்ணி வைக்கிற வழக்கம் இல்லாததால் இரண்டும் சேர நாளாயிற்று.

டீசல் அந்தக் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஹார்விச் போகும் ட்ரெஸ்டன் கப்பலில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. சட்டைப் பையில் இருந்தவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சாமான்களைப் பார்த்து, அப்பாவுடையவைதான் என்று மகன் சொன்னார். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்திருந்தார். உள்ளே 20,000 மார்க் ரொக்கம். வங்கிக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உளவாளிகள் தள்ளினார்கள், எண்ணெய்க் கம்பெனிகள் தள்ளின என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. அடுத்த வருஷமே உலகப் போர் வந்தது. கடலுக்கு அடியில் இரண்டு தரப்பு நீர்மூழ்கிகளும் அவர் பெயர் கொண்ட எஞ்சினை ஓட்டிக்கொண்டு ஒன்றையொன்று தேடின.

அந்த நீர்மூழ்கிகளில் ஒரு தமாஷ். விக்கர்ஸ் கம்பெனியின் ஜேம்ஸ் மெக்கெக்னி 1910இல் கம்ப்ரெஸருக்கு விடை கொடுத்தார். பம்ப்புகளை வைத்து எண்ணெயை நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் அடைத்து வைப்பது. எந்த சிலிண்டருக்கு எப்போது வேண்டுமோ அப்போது வால்வைத் திறந்து விடுவது. இந்த யோசனையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். எண்பத்தைந்து வருஷம் கழித்து இதையே புத்தம் புதிய தொழில்நுட்பம் என்று விளம்பரப்படுத்தப்போகிறார்கள்.

ஜெர்மனியில் பென்ஸ் கம்பெனியின் ப்ராஸ்பர் லொராஞ்ச் வேறு மாதிரி யோசித்தார். சொட்டைப் பெரிய அறைக்குள் தள்ள முடியவில்லையா? பக்கத்தில் ஒரு சின்ன அறை கட்டு. எண்ணெயை அதில் சுமாரான அழுத்தத்தில் விடு. அங்கே கொஞ்சம் பற்றிக்கொள்ளும், அந்த வெடிப்பே மிச்ச எண்ணெயைப் பெரிய அறைக்குள் உதைத்து அனுப்பும். 1909இல் காப்புரிமை. வேலையை இன்னொருவன் தலையில் கட்டுகிற இந்த வித்தையால்தான் 1920களின் நடுவில் டீசல் லாரி ரோட்டுக்கு வந்தது. ஆனால் நல்ல பம்ப்? ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய மாதிரி ஒன்றைச் செய்துகொண்டது. ஒழுகாதது அபூர்வம்.

அப்போதுதான் மேடைக்கு ராபர்ட் பாஷ் வந்தார். பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ விற்றுப் பணக்காரர் ஆனவர். பொறியே தேவையில்லாத எஞ்சின் ஊருக்குள் வந்தால் அவர் வியாபாரம் என்னாவது? எதிரியோடு சண்டை போடுவதைவிட எதிரிக்குச் சாமான் சப்ளை செய்வது மேல் என்று தீர்மானித்தார். 1922இல் வேலையைத் தொடங்கினார். 1906லேயே தன் தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலை கொடுத்த தாராள மனசுக்காரர். அதே சமயம் காகிதம் கோக்கும் கிளிப் கீழே கிடந்தால் காசு கிடக்கிறது என்று கோபப்படும் கருமி என்றும் பெயர். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுக்கும் கருவியைச் செய்ய இவரைவிடத் தகுதியானவர் யார்?

ஐந்து வருஷம் ஆயிற்று. 1927 நவம்பரில் பம்ப் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. டிரைவர்கள் வரிசை பம்ப் என்று சொல்வார்களே, அதுதான். இதற்குள் இருக்கும் தந்திரத்தை நான் எத்தனை முறை படம் வரைந்து பார்த்தாலும் ரசிக்கிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர், அதைச் சுற்றி ஒரு பேரல். கேம் சுற்றும்போது பிளஞ்சர் மேலே வந்து எண்ணெயைத் தள்ளும். பிளஞ்சர் ஏறும் உயரம் எப்போதும் ஒன்றுதான், ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும். அப்படியானால் எண்ணெயின் அளவு எப்படி மாறும்? பிளஞ்சரின் உடம்பில் சாய்வாக ஒரு பள்ளத்தை வெட்டியிருக்கிறார்கள். மேலே ஏறும்போது அந்தப் பள்ளத்தின் விளிம்பு பக்கவாட்டுத் துளையைத் தாண்டியதும் அழுத்தம் புஸ்ஸென்று போய்விடும், தள்ளல் நின்றுவிடும். மிதியை மிதித்தால் ஒரு பல் சட்டம் நகர்ந்து எல்லாப் பிளஞ்சர்களையும் லேசாகத் திருப்பும். சாய்வு என்பதால், திருப்பியதும் விளிம்பு துளைக்கு வரும் நேரம் தள்ளிப்போகும். எண்ணெய் கூடும். எஞ்சினை அணைக்க வேண்டுமா? எதிர்ப்பக்கமாகக் கடைசி வரை திருப்பினால் பள்ளம் ஆரம்பத்திலிருந்தே துளையோடு சேர்ந்து நிற்கும். பிளஞ்சர் பாட்டுக்கு ஏறி இறங்கும், ஒரு பொட்டு எண்ணெய் போகாது. மின்சாரம் இல்லை, மூளை இல்லை, ஒரு சாய்ந்த கீறல்தான்.

பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவில் வாஷரோ ரிங்கோ கிடையாது. இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் இரண்டு மூன்று பங்கு. ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. இதன் பிளஞ்சரை அதன் பேரலில் போட முடியாது. நம் ஊர்ப் பட்டறைகளில் எலிமென்ட் என்று ஜோடியாகவே கேட்டு வாங்குவார்கள். ஒரு லாரி முழு லோடில் மலை ஏறும்போதும் ஒரு தள்ளலுக்கு ஒரு சிலிண்டருக்குப் போவது ஒரு சொட்டு அல்லது இரண்டு சொட்டு. சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சின் 2000 சுற்று ஓடினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிஷத்துக்கு ஆயிரம் முறை அந்த அளவு பிசகாமல் போக வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் அறுநூறில் ஒரு பங்கு போல. எண்ணெய்க் குழாய்களும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சிலிண்டருக்குச் சேதி முந்திப் போகும், இன்னொன்றுக்குப் பிந்தும். பம்ப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிற சிலிண்டருக்குக் கூட குழாய் ஊரைச் சுற்றி வளைந்து போவதன் ரகசியம் அதுதான்.

இங்கே காற்றுக்கு ஏற்பட்ட கதியைப் பாருங்கள். டீசலின் காலத்தில் எண்ணெயை உள்ளே தள்ளிய மாப்பிள்ளைத் தோழன் அது. பாஷின் பம்ப் வந்த பிறகு குழாயில் ஒரு குமிழ் காற்று புகுந்தால் வண்டி நின்றுவிடும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். பிளஞ்சர் எவ்வளவு தள்ளினாலும் குமிழ் பொறுமையாகச் சுருங்கி விரியும், எண்ணெயைப் பீச்சும் நாசில் திறக்கும் அழுத்தம் வரவே வராது. டேங்க் காலியாகும் வரை ஓட்டிய டிரைவர் நாமக்கல் பக்கம் ரோட்டோரத்தில் நின்று, “அண்ணே, ஏர் புடிச்சிருச்சு, கொஞ்சம் வந்து பாருங்கண்ணே” என்று போன் பண்ணுவதும், மெக்கானிக், “மொதல்ல டீசல ஊத்து தம்பி, அப்புறம் நான் வர்றேன்” என்று திட்டுவதும் இதனால்தான். வந்தவர் பம்ப்பின் தலையில் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, நுரை நிற்கும் வரை கைப்பம்பை அடிப்பார். ஆக்ஸ்பர்க்கில் கம்ப்ரெஸர் வைத்து உள்ளே ஏற்றிய காற்றை ஆள் வைத்து வெளியேற்றுகிறோம்.

அதற்கப்புறம் சில பத்தாண்டுகள் சுவாரஸ்யம் கம்மி. 1936இல் மெர்ஸிடிஸ் 260 டி என்ற காரில் டீசல் எஞ்சினை வைத்தார்கள். டாக்ஸிக்காரர்கள் வாங்கினார்கள். அமெரிக்காவில் வெர்னான் ரூசா, சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் எதற்கு, ஒரே இடத்தில் தள்ளிச் சுழலும் ரோட்டரால் முறை வைத்துப் பங்கிடலாமே என்று கண்டுபிடித்தார். ரோட்டரி பம்ப், மலிவு, சின்னது. டிராக்டர்கள் கொண்டாடின. ஆனால் குளிர்ந்த எஞ்சினின் அந்தக் கடகடச் சத்தத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. காரணம் நம் சொட்டின் சோம்பல். உள்ளே போனதும் பற்றிக்கொள்ளாது, கொஞ்சம் யோசிக்கும். அது யோசிப்பதற்குள் பின்னால் இன்னும் எண்ணெய் வந்து சேர்ந்துவிடும். பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் பற்றும். மண்டையில் அடிக்கும் சத்தம்.

தீர்வு, முன்னால் ஒரு சொட்டின் துணுக்கை மட்டும் அனுப்பிச் சூட்டைக் கிளப்பிவிட்டு, பிறகு மற்றதை அனுப்புவது. கேமும் சாய்ந்த கீறலும் இப்படி இரண்டு தவணையில் கொடுக்காது. அதனால் எல்லோரும் நீர்மூழ்கிக்குத் திரும்பினார்கள். பொதுக் குழாயில் எண்ணெயை அடைத்து வை, வேண்டும்போது திற. மெக்கெக்னி கேம் வைத்துத் திறந்ததை இப்போது கம்ப்யூட்டர் மின்சாரத்தால் திறக்கும். 1995இல் ஜப்பானின் டென்ஸோ இதை ஹினோ லாரியில் போட்டது. இத்தாலியில் ஃபியட்காரர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு காருக்கு ஏற்றபடி செய்து முடித்து, தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் கடைசிக் கட்டத்தில் பாஷுக்கு விற்றுவிட்டார்கள். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது வந்தது. பொதுக் குழாய்க்கு ஆங்கிலத்தில் காமன் ரெயில் என்று பெயர்; உலகம் முழுக்கக் காமன் ரெயில் என்றால் பாஷ் என்றது. ஃபியட்காரர்கள் அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்களா என்று கேட்கக் கூடாது.

இன்றைக்கு அந்தக் குழாயில் நிற்கும் அழுத்தம் 2000 பாருக்கு மேலே. ஒரு சதுர சென்டிமீட்டர் மீது இரண்டு டன். நகக்கண் அளவு இடத்தில் இரண்டு கார் ஏறி நிற்கிற கணக்கு. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த துளைகள் வழியாக, ஒரே சுற்றில் பல தவணைகளில் பீச்சுகிறார்கள். ஓடும் எஞ்சினில் குழாய் ஒழுகுகிறதா என்று விரலால் தடவினால் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு கைக்குள் போகும். தொட்டுப் பார்த்தே நோய் சொன்ன மெக்கானிக்குகள் லேப்டாப் செருக வேண்டியதாயிற்று.

சொட்டு ஒருவழியாக அடங்கிவிட்டது. எப்போது, எவ்வளவு, எத்தனை தவணை என்பதெல்லாம் மென்பொருள் சொன்னபடி. இனிமேல் திமிர் பண்ண வேறு ஆள் வேண்டுமே. மென்பொருளே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கார்களின் குட்டு அமெரிக்காவில் வெளிப்பட்டது. சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டியரிங் மட்டும் ஒரு பக்கமும் திரும்பவில்லை, அப்படியானால் வண்டி ரோட்டில் இல்லை, புகைச் சோதனைக் கூடத்து உருளைமேல் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். உடனே சமர்த்தாக எரிக்கும். ரோட்டுக்கு வந்ததும் பழைய புத்தி. உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் இப்படி இன்ஸ்பெக்டர் முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்தன.